பதினாறணா வலி: தண்டையார்பேட்டையில் பதினோரு நாள்

ஊர் திரும்பி மூன்று நாள் தூங்கியே கழிந்தது. குதிகால் கொப்புளம் காய்ந்துவிட்டது. நோட்டில் கிறுக்கி வைத்ததை இனி நாள்வாரியாகப் போடுகிறேன். சில நாளுக்கு நாலு வரிதான் இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன காரணம் இது. வடசென்னையில் மக்கள் நலவாழ்வுக்காக வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். கோடை விடுமுறையில் வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப்புக்கு அங்கே வருவார்கள். அவர்களோடு வீடு வீடாகப் போய் மொழிபெயர்க்கும் பெண்ணுக்குப் பிரசவ நேரம். பதினோரு நாள் அவள் இடத்தில் நிற்க ஆள் வேண்டுமென்று தோழி போன் செய்தாள். ஒரு நாளைக்கு 800 ரூபாய், தங்க இடம், சாப்பாடு. தமிழும் இங்கிலீஷும் தெரிந்தால் போதுமாம். பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள் நான். இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் பெட்டியைக் கட்டினேன்.

ஜூன் 9, திங்கள்

நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூருக்கு வந்து சேர்வதற்குள்ளேயே சட்டைக் கழுத்து நனைந்துவிட்டது. கத்திரி முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது என்று காலண்டர் சொல்கிறது. வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போல. போனில் 38 என்று காட்டியது. ஆனால் எங்கள் ஊர் 38 வேறு, இது வேறு. இங்கே காற்றிலேயே ஈரத்துணியைப் போர்த்தியது மாதிரி இருக்கிறது.

அலுவலகம் என்பது ஒரு மாடி வீடு. கீழே மருந்து அலமாரி, மேலே பாய். வாசலில் நின்றிருந்தவர் களப்பணியாளர் அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர், பிறந்தது வளர்ந்தது எல்லாம் காசிமேட்டில். என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"நாஷ்டா துன்ட்டியா கண்ணு?"

நான் முழித்தேன். அவர் மறுபடி கேட்டார். நானும் மறுபடி முழித்தேன். பின்னால் நின்ற பையன் இங்கிலீஷில் சொன்னான், "காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார்." அவன் மினசோட்டாவிலிருந்து வந்தவன். வந்து ஒரு வாரம் ஆகிறதாம். மொழிபெயர்க்க வந்தவளுக்கு மினசோட்டாக்காரன் மொழிபெயர்த்தான். முதல் நாள் கணக்கு இப்படித்தான் தொடங்கியது.

மாணவர்கள் மூன்று பேர். இந்தப் பையன் ஆறரை அடி உயரம், தெருப்பிள்ளைகள் "லைட்டுக் கம்பம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒஹாயோவிலிருந்து பொது சுகாதாரம் படிக்கும் ஒரு பெண். மூன்றாவது, டொராண்டோவில் பிறந்து வளர்ந்த பெண். அப்பா அம்மா யாழ்ப்பாணம். அவளுக்குத் தமிழ் நன்றாகவே விளங்கும், பேசும்போதுதான் தயக்கம். பெயர்களை எழுத அவர்கள் அனுமதி கேட்கவில்லை. அதனால் ஊர்ப் பெயரே இருக்கட்டும்.

மதியம் சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மீன்பிடித் தடைக்காலம், அதனால் கருவாடுதான் என்றார் அக்கா. லைட்டுக் கம்பம் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

ஜூன் 10, செவ்வாய்

முதல் வீடு. குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய குடியிருப்பு. வாரியத்தின் பெயரை 2021இல் மாற்றிவிட்டார்கள், ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் இன்னும் "போர்டு வீடு" என்றுதான் சொல்கிறார்கள். படிக்கட்டு இருட்டு. கையில் 41 கேள்விகள் கொண்ட படிவம், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் பற்றியது. வெளிநாட்டில் ஒரு பேராசிரியர் தயாரித்துக் கொடுத்தது.

பாட்டிக்கு எழுபது வயது இருக்கும். டொராண்டோப் பெண் தானே கேட்கிறேன் என்று ஆசைப்பட்டாள்.

"அம்மம்மா, இண்டைக்குக் குளிசை எடுத்தனீங்களோ?"

"காலைலயே குளிச்சிட்டேன் கண்ணு. தலைக்குத்தான் ஊத்திக்கல."

குளிசை என்றால் அவர்கள் ஊரில் மாத்திரை. அவளுக்கு விஷயம் புரிய அரை நிமிடம் ஆனது. அப்புறம் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாட்டிக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியவில்லை, இருந்தாலும் கூடச் சிரித்தார். அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் குளிசைப் பாட்டி.

என் பங்குக்கு வருகிறேன். பாட்டி சொன்னார், "உடம்பெல்லாம் ஒரே சூடு, ஒண்ணுக்குப் போனா எரியுது." நான் 'சூடு' என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்ல, ஒஹாயோப் பெண் 'காய்ச்சல்' என்று எழுதிக்கொண்டு தெர்மாமீட்டரை எடுத்தாள். காய்ச்சல் இல்லை. அவளுக்குக் குழப்பம். நம் ஊர்ச் சூட்டை விளக்க உட்கார்ந்தேன்: மாம்பழம் சூடு, கோழி சூடு, இளநீர் குளிர்ச்சி, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சூடு தணியும், பயணம் போனால் சூடு ஏறும். பத்து நிமிடம் ஆனது. முடிவில் அவள் கேட்டாள், "அப்படியென்றால் இது எந்தக் கட்டம்?" படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

கேள்வி 17: உங்கள் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை மதிப்பெண்? நான் கேட்டதற்குப் பாட்டி, "நான் பள்ளிக்கூடம் போனதில்லம்மா" என்றுவிட்டார். அக்கா குறுக்கே வந்தார். "ஆயா, ஒரு ரூபாய்க்கு முட்டி எத்தினி அணா வலிக்குது?"

"பதினாறணாவும் வலிக்குது. மாடி ஏறச் சொல்ல இன்னும் ரெண்டணா சேத்துக்கோ."

பழைய கணக்கில் ரூபாய்க்குப் பதினாறு அணா. இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் சொல்லிவிட முடியாது. ஒஹாயோ '10' என்று எழுதினாள். நான் அந்த இரண்டணாவையும் சொன்னேன். அதை ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

கேள்வி 19: உடற்பயிற்சி செய்கிறீர்களா? மூன்றாவது மாடிப் பெண் ஒருத்தி, கீழே அடிபம்பிலிருந்து தினம் பன்னிரண்டு குடம் தூக்கிக்கொண்டு வருகிறவள், எங்களை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

ஜூன் 11, புதன்

மாநகரப் பேருந்து. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, 2021 மே மாதத்திலிருந்து. கண்டக்டர் ஒஹாயோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். பின்னால் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "அதுவும் பொம்பளதானே, குடுய்யா" என்றதும் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். லைட்டுக் கம்பம் மட்டும் காசு கொடுத்தான், அதுவும் கூரையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றுகொண்டே. ஒஹாயோ அந்தச் சீட்டை நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

காலையில் அம்மா உணவகம். இட்லி ஒரு ரூபாய். 2013இல் தொடங்கியபோதும் அதே ஒரு ரூபாய்தான். சாம்பாரில் தண்ணீர் கொஞ்சம் தாராளம், ஆனால் இட்லியைக் குறை சொல்ல முடியாது. நாலு பேர் வயிறாரச் சாப்பிட்டு இருபது ரூபாய்க்குள் முடிந்தது. வெளியே வந்து குடித்த டீக்கு அறுபது ரூபாய்.

இவர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள், ஊர் சுற்ற வந்தவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். டீ குடிக்கும்போது ஒஹாயோ சொன்னாள், விமான டிக்கெட்டுக்காக ஒரு வருடம் ஐஸ்கிரீம் கடையில் சனி ஞாயிறு வேலை பார்த்தாளாம். மணிக்கட்டைக் காட்டினாள். உறைந்த ஐஸ்கிரீமைச் சுரண்டிச் சுரண்டி வந்த வலி. எத்தனை அணா என்று கேட்டேன். எட்டணா என்றாள்.

ஜூன் 12, வியாழன்

வயிறு கெட்டது. எனக்குத்தான். பாட்டில் தண்ணீரைத் தவிர எதையும் தொடாத மூன்று பேரும் கல் மாதிரி இருக்க, தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நான் பாயோடு பாயாகக் கிடந்தேன். சந்தேகம் முந்தின நாள் மாலை தெருவோரத்தில் குடித்த நன்னாரி சர்பத் ஐஸ் மேல்.

லைட்டுக் கம்பத்துக்கு இதுதான் வந்ததிலிருந்து கிடைத்த முதல் 'நோயாளி'. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனின் தலையைக் கத்தியால் வழித்து வழித்து அளந்தான். மணிக்கொரு தரம் வந்து எவ்வளவு குடித்தேன் என்று எழுதிக்கொண்டான். இதற்கு நடுவில் அக்கா நொய்க்கஞ்சியில் உப்புப் போட்டு, ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயோடு கொண்டுவந்து வைத்தார். அவன் பார்க்காத நேரத்தில் கஞ்சியையும் குடித்தேன். எது கேட்டதோ தெரியாது.

படுத்திருக்கும்போது அக்கா பழைய கதை சொன்னார். சில வருடம் முன்பு வந்த ஒரு பையன், இன்னும் மருத்துவக் கல்லூரியில் சேரக்கூட இல்லையாம், ஊசி போட்டுப் பழகிக்கொள்ளலாமா என்று கேட்டானாம்.

"அவுங்க ஊர்ல இவன ஊசியத் தொட வுடுவாங்களா? மாட்டாங்க இல்ல? அப்ப இங்க மட்டும் இன்னா, எங்க ஜனம் இன்னா கத்துக்கிற பொம்மையா?"

அதனால்தான் இங்கே இப்போது ஒரு விதி. மாணவர்கள் கேட்கலாம், எழுதலாம், தூக்கிப் பிடிக்கலாம். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதெல்லாம் அக்கா மட்டும்தான்.

ஜூன் 13, வெள்ளி

களப்பணி இல்லை. நிறுவனத்து டாக்டரம்மா எங்களைச் சேத்துப்பட்டுக்கு வரச்சொல்லியிருந்தார். ஆட்டோக்காரர் லைட்டுக் கம்பத்தைப் பார்த்ததும் 600 என்றார். நான் எங்கள் ஊர் வேகத்தில் பேரம் பேசினேன். அவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "திர்நெல்வேலியா? அல்வா கொண்டாந்தியா?" என்றார். 350க்கு முடிந்தது. வழியெல்லாம் அல்வா பற்றியே பேசினார்.

சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956இல் சின்ன சிகிச்சை மையமாகத் தொடங்கியது. அங்கே நடந்ததை டாக்டரம்மா மரத்தடியில் நின்றே சொன்னார். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. ஆனால் இருந்த நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே? வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரின் தலைமையில், சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் சானடோரியத்துக்கு. மீதிப்பேர் அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே, அதே கஞ்சியோடு. இரண்டு பக்கமும் ஒரு வருடம் ஒரே மருந்து. 1959இல் முடிவு வெளியானது. குணமானதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்ததால் கூட இருந்தவர்களுக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. காசநோய்க்குப் படுக்கை தேவையில்லை, மருந்துதான் தேவை என்று உலகம் மாறியதற்கு இந்த ஊர்ச் சந்துபொந்துகள் காரணம். வரும்போது ரயிலில் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர்ப்பலகையைத் தூக்கக் கலக்கத்தில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பெயருக்கு ஒரு அர்த்தம் உண்டென்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை.

டாக்டரம்மா சொன்னதில் எனக்கு ஒட்டிக்கொண்டது வேறு. மாத்திரை போட்டீர்களா என்று கேட்டதோடு அவர்கள் விடவில்லையாம். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணியிருக்கிறார்கள். சிறுநீரைச் சோதித்திருக்கிறார்கள். "போட்டாச்சுங்கன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க" என்றார்.

மாணவர்கள் இரண்டு மாதத்தில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று டொராண்டோ கேட்டாள். அதற்கு டாக்டரம்மா நிர்மலாவின் கதையைச் சொன்னார். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்த மாணவி. 1986இல் பேராசிரியை சுனிதி சாலமன் சொல்லி, ஆய்வேட்டுக்காகப் பாலியல் தொழிலாளப் பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்தவர். வசதி எதுவும் இல்லாமல், மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. "ஆனா ஒண்ணு, அவங்களுக்கு அந்தப் பொண்ணுங்க பேசறது புரிஞ்சது" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஜூன் 14, சனி

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இன்று நள்ளிரவோடு அது முடிகிறது. அக்கா இரவு ஒன்பது மணிக்கு எங்களைக் காசிமேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். வேடிக்கை காட்ட இல்லை, ஆள் பிடிக்க.

ஐஸ் கட்டிகளை இயந்திரத்தில் கொட்டி அரைக்கிறார்கள், டீசல் நாற்றம், கற்பூரம், உடைந்த பூசணிக்காய் வழுக்கல், படகுக்குப் படகு சீரியல் பல்பு. இரண்டு மாதம் சும்மா கிடந்த துறைமுகத்துக்குக் கல்யாண வீட்டுக் களை. இந்தக் கூட்டத்தில் அக்கா கையில் மாத்திரைப் பட்டையோடு ஒருவரைத் தேடினார். பிரஷர் 170க்கு 100, கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஓடுகிறவர். வலைக்குவியலுக்குப் பின்னால் பிடிபட்டார்.

"பத்து நாளு கடல். பத்து மாத்தர. தெனம் ஒண்ணு."

"கடல்ல எவன்க்கா ஞாபகம் வெச்சிகினு துன்வான்?"

அக்கா யோசித்தார். "டீத்தூள் டப்பா யார்கிட்ட?" சமையல் பார்க்கும் பையன் கையைத் தூக்கினான். பட்டையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி டீத்தூள் டப்பாவுக்குள் போட்டார். "காலைல டப்பாவத் தொறந்தா இது இருக்கும். அண்ணன் கையில குடுத்துட்டுத்தான் டீ போடணும்." பையன் சரி என்றான். அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

லைட்டுக் கம்பம் இதை எழுதிக்கொள்ளப் படிவத்தைப் புரட்டினான். இடமே இல்லை. கையில் பேனாவால் எழுதிக்கொண்டான்.

நள்ளிரவு தாண்டிப் படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மீன் வாங்கலாமென்று பையோடு வந்த என் முட்டாள்தனத்தைப் பார்த்து அக்கா, "இப்பத்தானே போகுது கண்ணு, போய் வர வாணாமா?" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

தூக்கம். மாலையில் நுங்கு, ஒன்று பத்து ரூபாய். டொராண்டோவுக்கு அதைப் பார்த்ததும் அவள் அம்மா நினைவு வந்துவிட்டது. போன் செய்து அரை மணி நேரம் கதைத்தாள்.

ஜூன் 16, திங்கள்

இந்த நாளை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

பூ விற்கும் பெண். நாற்பதுக்குள் வயது. விடிவதற்கு முன் பாரிமுனைக்குப் போய்ப் பூ வாங்கி, மதியம் வரை கோயில் பக்கம் நடைபாதையில் உட்கார்ந்து விற்கிறாள். பிரஷர் அதிகம். மாத்திரை வீட்டில் நிறைய இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், காசும் இல்லை. ஆனால் போடுவதில்லை.

கேள்வி 23: மாத்திரையைத் தவறவிட்டால், ஏன்? கீழே கட்டங்கள். மறந்துவிட்டது, விலை அதிகம், உடம்பு சரியாகிவிட்டது, பக்கவிளைவு, மற்றவை.

அவள் பூவைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "அதுல ஒரு மாத்தர போட்டா நெறைய ஒண்ணுக்கு வருதும்மா. ரோட்ல குந்திகினு இருக்கச் சொல்ல எங்க போறது? கடைய யார்கிட்ட வுட்டுட்டுப் போறது? தண்ணியே குடிக்காமத்தான் குந்தியிருக்கறேன். அதான் ஏவாரத்துக்குப் போற நாள்ல போடறதில்ல."

பக்கத்தில் லைட்டுக் கம்பம் பேனாவோடு நிற்கிறான். எனக்கு வாய் வரவில்லை. ஆண்பிள்ளை முன்னால் ஒண்ணுக்கு என்று சொல்லும் கூச்சம் பாதி. மீதியைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. இவ்வளவு பெரிய நகரத்தில் ஒரு பெண்ணுக்கு ஒதுங்க இடமில்லை என்பதை வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது. "வேலை மும்முரத்தில் மறந்துவிடுகிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவன் 'மறந்துவிட்டது' கட்டத்தில் டிக் போட்டான்.

படியிறங்கும்போது டொராண்டோ என் கையைப் பிடித்தாள். "அக்கா, அவ அப்பிடிச் சொல்லேல்லயே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. எனக்குக் காது ரெண்டும் எரிந்தது. நீ வந்து ரெண்டு வாரம், உனக்கு என்ன தெரியும் என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். இரவு பழைய படிவங்களை எடுத்து எண்ணினேன். நான் மொழிபெயர்த்த முப்பத்தொரு வீட்டில் பதினான்கு 'மறந்துவிட்டது'. எத்தனை அவர்கள் சொன்னது, எத்தனை நான் நாகரிகமாக்கியது? சிலது எனக்கே தெரிந்தது. கணவன் குடித்துவிட்டு மருந்து டப்பாவைச் சாக்கடையில் எறிந்ததை நான் 'தொலைந்துவிட்டது' ஆக்கி, அதையும் மறதிக் கட்டத்தில் போட்டிருந்தோம்.

மேலே போய் மூன்று பேரிடமும் சொன்னேன். லைட்டுக் கம்பம் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒஹாயோ மட்டும் மெதுவாகச் சொன்னாள், "மறதி அதிகம் என்று வந்ததால், போனில் அலாரம் வைத்துக் கொடுக்கலாம் என்று அறிக்கையில் எழுத இருந்தேன்." பூக்காரப் பெண்ணுக்கு அலாரம்! நினைத்துப் பார்த்தேன். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அக்காவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "நாளைக்குப் போயி மறுக்கா கேளு" என்றார், அவ்வளவுதான்.

ஜூன் 17, 18

பதினான்கு வீட்டுக்கும் மறுபடி. இந்த முறை நோட்டில் அவர்கள் சொன்னதை அப்படியே தமிழில் எழுதினேன், இங்கிலீஷ் அப்புறம். லைட்டுக் கம்பத்தைத் தெருமுனையில் நிறுத்திவிட்டோம். பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடினான், அவனை அவுட் ஆக்க யாராலும் முடியவில்லை.

ஆறு பேர் உண்மையிலேயே மறப்பவர்கள். மற்ற கதைகள் வேறு. ஒருத்தி தன் மாத்திரையில் பாதியைத் தங்கைக்குக் கொடுக்கிறாள், தங்கைக்கும் பிரஷராம், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஒருத்தி சாப்பிட்டபின் போடச் சொன்ன சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடாத நாளில் போடுவதில்லை. சாப்பிடாத நாள் வாரத்துக்கு எத்தனை என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றினாள். குளிசைப் பாட்டி, "ஒடம்பு பேஜாரா கீற அன்னிக்குப் போடுவேன், நல்லா கீற அன்னிக்கு எதுக்கு வீணாக்கறது?" என்றார்.

பூக்காரப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். எதற்கென்று சொல்வது? அக்கா அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். நீர் பிரியும் அந்த மாத்திரையை மாற்றி வேறு கொடுத்திருக்கிறார். மாத்திரைக்குத்தான் மாற்று உண்டு. நடைபாதையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு டாக்டரம்மாவிடம் மருந்தில்லை.

புதன்கிழமை இரவு பாரிமுனைப் பக்கம் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்தது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, எல்லாவற்றையும் கையால் பிசைந்து தட்டில் போடுகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். வயிறு கெட்டவள் நான் என்பதால் மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 19, வியாழன்

கிளம்பும் நாள். காலையில் பூக்காரப் பெண் உட்காரும் இடத்துக்குப் போனோம். ஒஹாயோவுக்கும் டொராண்டோவுக்கும் மல்லிகை வைத்துவிட்டாள். லைட்டுக் கம்பம் சட்டைப் பைக்குள் ஒரு துண்டு. முழம் நாற்பது ரூபாய். தெரிந்தவர்கள் என்று ஐந்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை. காலடியில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது, பாதி காலி. அவள் குடித்ததா, பூவுக்குத் தெளித்ததா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வாடிக்கை வந்துவிட்டது.

மாணவர்களுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. படிவத்தில் கேள்வி 23க்குக் கீழே இப்போது கட்டமே இல்லை, கோடு மட்டும்தான் என்று ஒஹாயோ காட்டினாள். பேராசிரியர் ஒத்துக்கொள்வாரா என்பது அவர்கள் பாடு.

இரவு ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் டொராண்டோவிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, குளிசைப் பாட்டியின்ர படிவம் எழுதுறன். பேஜார் எண்டா இங்கிலீஷில என்ன?"

ஒரு வார்த்தை தட்டினேன். அழித்தேன். இன்னொன்று தட்டினேன், அதுவும் சரியில்லை. ரயில் தாம்பரம் சானடோரியத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"பேஜார்னா பேஜார்தான் கண்ணு. இதுல இன்னா டவுட்டு?"

அதையே அப்படியே எழுதச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.